வில்லை இல்லாத ஆணி

முக்கால் இஞ்சு உளியைக் காணோம். பலகையில் அதற்கென்று நான் சிவப்புப் பெயின்ட்டால் வரைந்துவைத்த உருவம் அப்படியே இருக்கிறது, அதன் தலைமாட்டில் ஆணி இருக்கிறது, ஆணியில் உளியும் இல்லை வில்லையும் இல்லை. உளி இல்லாவிட்டால் வில்லை இருக்க வேண்டும். யார் எந்தச் சாமானை எடுத்தாலும் கழுத்துக் கயிற்றில் கிடக்கும் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுதான் இந்தச் சிறையின் தச்சுப் பட்டறையில் மூன்று வருஷமாக நடக்கிற முறை. நாற்பத்திரண்டு ஆணி. ஒவ்வொன்றிலும் ஒன்று சாமான் தொங்கும், இல்லையென்றால் ஒரு ஆளின் நம்பர் தொங்கும். வெறும் ஆணியை நான் இதுவரை பார்த்ததில்லை. இடமிருந்து எண்ணினேன், வலமிருந்து எண்ணினேன், ரம்பங்களை விட்டுவிட்டு எண்ணினேன், எப்படி எண்ணினாலும் ஒரு ஆணி வெறுமையாக நின்றது. கடிகாரத்தில் இரண்டு பத்து. நாலு மணிக்குப் பட்டறை அடைப்பு, அப்போது ஏட்டு உக்கிரபாண்டி நோட்டோடு வந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். இப்போது வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறார். பத்தடி தூரம். போய்ச் சொன்னால் முடிந்தது. சொல்லத்தான் வேண்டும், காணோம் என்று தெரிந்த நிமிஷமே சொல்ல வேண்டும் என்பது விதி, அந்த விதியை ஜெயிலரிடம் சொல்லி எழுதவைத்தவனே நான்தான். ஆனாலும் கையில் துணியை எடுத்து, சுத்தமாக இருக்கிற இழைப்புளியை இன்னொரு தரம் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பது நாள் இருக்கிறது. இன்றைக்குச் செவ்வாய், அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் பெத்தணசாமி என்கிற நான் வெளியே போகிறேன், பதிமூன்று வருஷம் நாலு மாதம் கழித்து. முன்விடுதலை உத்தரவு வந்துவிட்டது, அதில் நன்னடத்தை என்ற வார்த்தை மட்டும் மூன்று இடத்தில் வருகிறது, எண்ணியிருக்கிறேன். என் பொறுப்பில் இருக்கும் உளி காணாமல் போனால் ரிப்போர்ட் எழுதுவார்கள், ரிப்போர்ட் மேலே போகும், மேலே போனது எப்போது கீழே வரும் என்று மேலே இருப்பவர்களுக்கே தெரியாது. போன வருஷம் ஒருத்தனுக்குப் பீடிக்கட்டு தகராறில் ஐந்து மாதம் தள்ளிப்போனது. இது பீடி இல்லை. என் பெண்டாட்டி முத்துராக்கு மில்லில் லீவு சொல்லிவிட்டாள். போன ஞாயிறு மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தபோது கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டுச் சொன்னாள், பக்கத்தில் பத்துப் பேர் கத்துகிற இடத்தில் ரகசியமாகவா பேச முடியும், "வியாழக்கெழம லீவு சொல்லிட்டேன், சூப்பர்வைசர் மூஞ்சியக் காட்டுனான், நான் வருஷத்துல ஒரு நாள்தானய்யா கேக்குறேன்னு சொல்லிட்டேன்." குடியிருக்கிற வீடு ஒரே அறைதானாம், மாடியில், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் நல்ல கெட்டியானதாம். தாழ்ப்பாளை எதற்குச் சொன்னாள் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன். பிறகுதான் உறைத்தது, பதிமூன்று வருஷமாக நான் எந்தக் கதவையும் உள்ளிருந்து சாத்தியதில்லை.

கழுத்து அரிக்கிறது. காலையிலிருந்து கை அங்கேயே போகிறது, கயிறு இருந்த இடத்துக்கு. என் வில்லையைக் காலையில் ஸ்டோரில் வாங்கிக்கொண்டார்கள், விடுதலைக்குப் பத்து நாள் முன்னால் ஒவ்வொன்றாக ஒப்படைக்க வேண்டுமாம், முதலில் வில்லை, பிறகு தட்டு, கடைசியில் போர்வை. இருநூற்றுப் பதினேழு என்று குத்தியிருந்த பித்தளை, ஓரம் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. ஸ்டோர்க்காரன் அதை டப்பாவுக்குள் போட்ட சத்தம் கேட்டபோது எனக்கு என்னமோ செய்தது, சந்தோஷம் என்றுதான் நினைத்துக்கொண்டேன். சரி, உளி. யார் எடுத்திருப்பான். பட்டறையில் இன்றைக்கு முப்பத்தாறு பேர். இந்த வரிசையில் எட்டுப் பேர் பெஞ்சு மேஜைக்குக் கால் அறுக்கிறார்கள், அவர்களுக்கு உளி வேலையே இல்லை. அந்தப் பக்கம் ஜன்னல் சட்டத்துக்குப் பொருத்து வெட்டுகிற நாலு பேரிடமும் அரை இஞ்சு உளி இருக்கிறது, நாலு வில்லையும் ஆணியில் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். நான் பலகையைவிட்டு நகர்ந்தது ஒரே நேரம்தான், சாப்பாட்டுக்குப் பிறகு பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒன்றே முக்கால் வரை, பக்கத்து அறையில் விடுதலை வகுப்பு. அந்த ஒரு மணி நேரம் பலகை ஏட்டையா பொறுப்பு. சாப்பாட்டுக்குப் பிறகு ஏட்டையாவின் கண் எப்படியிருக்கும் என்பது இந்த ஜெயிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

விடுதலை வகுப்பை நான் முதலில் கேலிதான் செய்தேன். நல அலுவலர் எழிலரசி மேடம், என் மகள் வயசு இருக்குமோ என்னமோ, நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டு இதுதான் பஸ் என்றார். அவரே கண்டக்டர். நான் பயணி. ஸ்டாப் வந்ததும் இறங்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். ஸ்டாப் வந்தது என்று அவர் சொல்லியும் நான் உட்கார்ந்தே இருந்தேன். இரண்டாம் முறையும் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் முறை எழுந்து நின்று, "எறங்கலாங்களா மேடம்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு படுத்தபோது சிரிப்பு வரவில்லை. செல்போனில் படத்தைத் தொட்டால் ஆள் கூப்பிடும் என்று காட்டினார், என் விரல் காய்ப்பு ஏறியது, தொட்டால் அதற்குத் தெரியவே இல்லை, கடைசியில் சுண்டுவிரலால் தொட்டேன். இன்றைக்கு நடந்தது கடைசிக்கு முந்தைய வகுப்பு. வெளியே போன முதல் நாள் என்ன செய்வீர்கள், எழுதுங்கள் என்று காகிதம் கொடுத்தார். ஒரே புழுக்கம். ஜன்னல் மழையில் ஊறி இறுகிப்போய்க் கிடந்தது, மேடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நான் எழுந்துபோய்த் திறந்துவிட்டேன். காற்று வந்தது. மேடம் என்னையே பார்த்தார். "பெத்தணசாமி, இப்ப என்ன செஞ்சீங்க தெரியுதா? யாரையும் கேக்கல. நீங்களா எந்திரிச்சுப் போயி செஞ்சீங்க. நாலு மாசமா நான் சொல்லிக் குடுத்தது இதத்தான்." எல்லோரும் கைதட்டினார்கள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த நினைப்பிலேயே பட்டறைக்கு வந்தேன், வந்து கால்மணி நேரம் பலகையைப் பார்க்கவே இல்லை, பார்த்தபோது ஆணி வெறுமையாக இருந்தது. நல்லது நடந்தால் பின்னாலேயே ஒன்று வரும் எனக்கு, ஆதியிலிருந்தே அப்படித்தான்.

ஜோதிபாசு. அவன் பெயர் முதலிலேயே வந்துவிட்டது, நான்தான் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வயசு, கடைசி மேஜையில் இழைக்கிறான், சுருள் சுருளாகச் சீவல் காலடியில் விழுகிறது, தலையைத் தூக்கவில்லை. தலையை ஏன் தூக்கவில்லை. வழக்கமாகப் பாட்டு முணுமுணுப்பான், இன்றைக்கு அதுவும் இல்லை. இவன் அண்ணனைக் கொன்ற கேசில் உள்ள சங்கிலிமுருகனை வேறு சிறையிலிருந்து மாற்றிக் கொண்டுவந்து போன வாரம் நாலாம் பிளாக்கில் போட்டிருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் செய்தானோ, காகிதத்தைப் பார்த்துப் போட்டிருப்பான், ஆளைப் பார்த்திருக்க மாட்டான். காலையில் கஞ்சி வரிசையில் ஜோதிபாசு என் பின்னால் நின்று மெதுவாகக் கேட்டான், "அண்ணே, நாலாம் பிளாக்குல புதுசா வந்தவன எங்கிட்டு வேலைக்கு விடுறாங்க, தெரியுமா?" தெரியாது என்றேன். தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது அந்தக் கேள்வி பெரிதாகிப் பெரிதாகி நிற்கிறது. இரண்டு தடவை கக்கூஸ் போய்விட்டு வந்தான். சட்டையை வெளியே விட்டிருக்கிறான். எப்போதும் வெளியேதான் விட்டிருப்பான், இருந்தாலும். ஏட்டையாவிடம் போய் உளியைக் காணோம் என்று மட்டும் சொல்லாமல், ஜோதிபாசு மேல சந்தேகமா இருக்கு என்றும் சேர்த்துச் சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். தப்பு விட்ட பெத்தணசாமி இல்லை, துப்புக் கொடுத்த பெத்தணசாமி. ஒன்பது நாள் ஒன்பது நாளாகவே இருக்கும். அவனுக்கு என்ன ஆகும். திங்கட்கிழமை பரோல் அவனுக்கு. பெண் பிறந்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் பார்க்கவில்லை. சந்தேகம் என்று ஒரு வார்த்தை விழுந்தாலே பரோல் போய்விடும், தனி அறையில் போட்டுவிடுவார்கள். உளி அவனிடம் இல்லாவிட்டாலும் போட்டது போட்டதுதான். எடுத்திருந்தால் போகட்டும், எடுக்காதிருந்தால்? எடுக்காதிருந்தால் என்ன, இரண்டு மாதக் குழந்தைக்கு அப்பன் வந்தான் வரவில்லை என்று தெரியவா போகிறது. இதை நினைத்தவன் நான்தான். நினைத்த உடனே அசிங்கமாக இருந்தது, துணியை உதறிவிட்டு அடுத்த இழைப்புளியை எடுத்தேன்.

வைரமணி. இந்தப் பெயர் வரக்கூடாது என்றுதான் நினைத்தேன். எனக்கு முன்னால் சாமான் பொறுப்பில் இருந்தவன், அப்போது பலகையும் இல்லை வில்லையும் இல்லை, ஒரு மரப்பெட்டி, சாயங்காலம் எல்லாவற்றையும் அதில் கொட்டுவான். ஒரு திருப்புளி காணாமல் போனது. அவனுக்கு அது தெரியும். மூன்று நாள் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்தான், ஏனென்றால் நாலாம் நாள் அவனுக்குப் பரோல். மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர்த் தொட்டியடியில் எங்களோடு இருந்த இருளப்பன் திருப்புளிக் குத்து வாங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், யாரோ என்னவோ கேட்டதற்குப் பதில் யோசிக்கிறவன் போல. நான்தான் தூக்கினேன். என் பனியன் முழுக்கச் சூடாக நனைந்தது, அந்தச் சூடுதான் இன்னும் போகவில்லை, வெந்நீரில் குளித்தால் இன்றைக்கும் எனக்கு அது ஞாபகம் வரும். ஆஸ்பத்திரி வாசல்வரை, "அண்ணே, கால் வெறைக்குது, தேச்சு விடுண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தான், வாசலுக்குப் பிறகு சொல்லவில்லை. வைரமணியை நான் எல்லோர் முன்னாலும் காறித் துப்பினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பானேடா என்றேன். அவன் சொன்னது இப்போது காதில் விழுகிறது, "ஒனக்கு நாளைக்குப் பரோல்னா நீ சொல்லுவியாண்ணே?" சொல்லுவேன்டா என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். பிறகுதான் ஜெயிலரிடம் போய்ப் பலகை யோசனை சொன்னது, ஒவ்வொரு சாமானையும் பலகையில் வைத்து ஓரம் வரைந்தது, வில்லைக்கு நம்பர் குத்தியது. மூன்று வருஷம் இந்தப் பட்டறையில் ஒரு கீறல் கிடையாது, வெளியூர் அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்துப்போனார்கள். இப்போது மணி இரண்டு நாற்பது. வைரமணி மூன்று நாள் இருந்தான், நான் அரை மணி நேரம் இருந்திருக்கிறேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

எழுந்தேன். ஏட்டையாவை நோக்கி நாலடி வைத்திருப்பேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், ஐயா ஒரு உளி குறையுது, யாரோ வில்லை மாட்டாம எடுத்திருக்கான். வில்லை மாட்டாமல் எவன் எடுப்பான், மூன்று வருஷப் பழக்கம், தூக்கத்தில் எடுத்தாலும் கை முதலில் கழுத்துக்குத்தானே போகும். என் கை கழுத்துக்குப் போனது. அரிப்பு என்று நினைத்தேன். அரிப்பு இல்லை. காலையிலிருந்து கை அங்கே போவதும், ஒன்றும் அகப்படாமல் கீழே இறங்குவதுமாக இருக்கிறது, ஒரு தடவை இதே பலகைக்கு முன்னால் நின்று அப்படி இறங்கியது. எப்போது? புழுக்கம். மேடம் நெற்றியைத் துடைக்கிறார். இருங்க மேடம் என்று எழுந்து வராந்தா வழியாக இங்கே வருகிறேன், ஏட்டையா தலை தொங்கிக் கிடக்கிறது, இடது கை கழுத்துக்குப் போகிறது, கயிறு இல்லை, வலது கை உளியை எடுத்துவிட்டது. மழையில் ஊறிய ஜன்னல் வெறும் கையால் திறக்குமா, முக்கால் இஞ்சு உளியை இடுக்கில் கொடுத்து நெம்பித்தான் திறந்தேன், காற்று வந்தது, கைதட்டினார்கள். உளியை ஜன்னல் கட்டையில் வைத்தேன். வைத்துவிட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தேன். முப்பத்தாறு பேரை எண்ணினேனே, முப்பத்தேழாவது ஆளை எண்ணவில்லை. நம்பர் இல்லாத ஆளை இங்கே எப்படி எண்ணுவது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கால் லேசானது. அப்பாடா என்றிருந்தது. ஒருவனும் திருடவில்லை, ஜோதிபாசு பாட்டுக்கு இழைக்கிறான், உளி பக்கத்து அறை ஜன்னலில் இருக்கிறது, வராந்தாவில் இருபது எட்டு, போய் எடுத்துவந்து மாட்டிவிட்டால் ஆணிக்கும் எனக்கும் தெரிந்த விஷயம். ஒன்பது நாள், முத்துராக்கு, தாழ்ப்பாள், எல்லாம் அதனதன் இடத்தில். இரண்டு எட்டு வைத்திருப்பேன், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது, பல பேர் சேர்ந்து சொல்கிற சத்தம், அ, ஆ, இ, ஈ. செவ்வாய்க்கிழமை இரண்டரை மணி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து வகுப்பு, அதே அறையில். செவ்வாய் எந்தப் பிளாக்குக்கு முறை? செவ்வாய் நாலாம் பிளாக். பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதில் ஒருத்தன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான், ஜன்னல் கட்டையில் முக்கால் இஞ்சு உளி, போன வாரம்தான் நான் தீட்டியது, மயிரை வைத்தால் வெட்டும். சங்கிலிமுருகன் கைநாட்டா, படித்தவனா, யாருக்குத் தெரியும். மூன்று மணிக்கு வகுப்பு விடும், விட்டால் வராந்தா வழியாக இந்தப் பட்டறை வாசலைத் தாண்டித்தான் போவார்கள், கடைசி மேஜையில் ஜோதிபாசு வாசலுக்கு முதுகைக் காட்டி இழைத்துக்கொண்டிருப்பான். நான் எதற்கு அவனையே சந்தேகப்பட்டேன். அண்ணனைப் பறிகொடுத்தவனைக் கண்டுதான் பயப்படத் தோன்றியது எனக்கு.

"ஐயா." ஏட்டையா விசிறுவதை நிறுத்தவில்லை. "ஒரு உளி வெளிய இருக்குங்கய்யா. முக்கா இஞ்சு." விசிறல் நின்றது. "எடுத்தது நாந்தான். மத்தியானம் கிளாஸ் ரூம்ல ஜன்னலத் தொறக்க எடுத்துட்டுப் போயி அங்கயே வச்சுட்டேன். இப்ப அங்க நாலாம் பிளாக்கு ஒக்காந்திருக்கு." அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். தூங்கியது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். குரலைத் தாழ்த்தினார். "யோவ், வேற யாருக்காச்சும் தெரியுமா?" "தெரியாதுங்கய்யா." "அப்ப பேசாம இரு. நான் சும்மா போற மாதிரி அங்கிட்டுப் போயி எடுத்துட்டு வந்துர்றேன். நீ மாட்டிரு. ஒனக்கு ஒம்பது நாளு, எனக்கு ரிட்டையராக ரெண்டு வருசம், யாருக்கும் நட்டமில்ல." நல்ல மனுஷன், எனக்காகவும்தான் சொன்னார். அவர் போவதற்குள் எவன் இடுப்பிலாவது ஏறியிருந்தால்? ஏட்டு வருகிறார் என்று பார்த்ததும் கை மாறினால்? மணி அடித்தால் அவனவன் இருந்த இடத்தில் உட்கார வேண்டும், கை தலைக்கு மேல், யாரும் எதையும் மாற்ற முடியாது, அதற்காகத்தான் மணி. இதெல்லாம் அவருக்கும் தெரியும். மணி அடித்தால் நோட்டில் ஏறும், அதுவும் தெரியும். நான் ஒரு நிமிஷம் நின்றேன், பொய் சொல்வானேன், ஒரு நிமிஷத்துக்கு மேலேயே நின்றேன். அந்த நேரத்தில் பனியன் சூடானது போல இருந்தது. "மணிய அடிங்கய்யா" என்றேன். "லூசாய்யா நீ?" "அடிங்கய்யா. மூணு மணிக்குக் கிளாசு விட்டுரும்."

அடித்தார். முப்பத்தாறு பேரும் வேலையைப் போட்டுவிட்டு அந்தந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை, கடைசி மேஜைப் பக்கம் சீவல் குவியலில் ஜோதிபாசுவுக்கு அருகில் உட்கார்ந்து கையைத் தலையில் வைத்துக்கொண்டேன். "என்னண்ணே ஆச்சு?" "ஒண்ணுமில்ல. நான் ஒரு சாமான வெளிய வச்சுட்டேன்." "ஒங்களுக்கு ஒம்பது நாள்தானண்ணே இருக்கு." "ஆமா." பிறகு நானே கேட்டேன், "காலையில நாலாம் பிளாக்கப் பத்திக் கேட்டியே, எதுக்குடா?" "அவன் வேல பாக்குற பக்கமே போகாம இருக்கத்தாண்ணே. மொகத்தப் பாத்தா ஏதாச்சும் செஞ்சு தொலைச்சிருவேன். திங்கக்கெழம பிள்ளையப் பாக்கணும்ல." நான் அவன் முகத்தைப் பார்க்காமல் சீவலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிஷத்தில் ஏட்டையா திரும்பி வந்தார், உளியைத் துண்டில் சுற்றி. ஜன்னல் கட்டையில், வைத்தது வைத்தபடியே இருந்ததாம், ஒருவனும் தொடவில்லையாம், சங்கிலிமுருகன் அந்த வகுப்பிலேயே இல்லையாம், அவன் எட்டாவது வரை படித்தவனாம். "அங்கனயேதான்யா கெடந்துச்சு. நான் சொன்னேன்ல." சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் ஒரு நல்ல நினைப்பும் வரவில்லை, ஒருவனாவது அதைத் தொட்டிருக்கக்கூடாதா என்றுதான் தோன்றியது. உளியை வாங்கி மாட்டினேன். சிவப்பு உருவத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. ஏட்டையா நோட்டைத் திறந்து ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார், தேதி, நேரம், சாமான், பிறகு பேனாவைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். "எடுத்தவர் வில்லை நம்பர்னு இருக்கு. ஒனக்குத்தான் இல்லையே. என்னன்னு எழுத?"

"பேர எழுதிருங்கய்யா. பெத்தணசாமி."

எழுதினார். கட்டத்துக்குள் பெயர் அடங்கவில்லை, கடைசி எழுத்தைக் கோட்டுக்கு வெளியே எழுதினார். நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "வியாழக்கெழம நடக்காதுய்யா. ரெண்டு மாசமோ நாலு மாசமோ. மேடம் நல்லா எழுதுவாங்க, பாப்போம்." தலையாட்டினேன். கடிகாரத்தில் மூன்று. சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு விட்ட சத்தம், வராந்தாவில் வரிசையாகக் காலடிகள் எங்கள் வாசலைத் தாண்டிப் போயின. கடைசி மேஜையில் இழைப்புச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

"ஐயா, ஒரு போன் பண்ணணும்."

"எதுக்கு?"

"வீட்டுல லீவு சொல்லிட்டா. இன்னிக்கே சொன்னாத்தான் மாத்த முடியும்."